இறுக்கமான படகுக் கவர்: கடைசிப் பட்டன் ஏன் எட்டுவதில்லை, எப்படி எட்டவைப்பது

ஒன்ராறியோவில் மே மாதம் படகை ஏரியில் இறக்கியதும் வரும் முதல் தலைவலி இது. போன செப்டெம்பரில் கச்சிதமாக உட்கார்ந்த கவர், குளிர்காலம் முழுக்க கராஜில் மடிந்து கிடந்துவிட்டு, பின்மூலையில் இரண்டு அங்குலம் எட்டாமல் நிற்கும். துணி கொஞ்சம் சுருங்கியிருக்கலாம்தான். ஆனால் பெரும்பாலும் பிழை பட்டன் போடும் வரிசையில் இருக்கிறது.

இங்கே சொல்வது 18, 19 அடி பவ்ரைடர் (முன்பக்கத்திலும் இருக்கை உள்ள மோட்டார்ப் படகு) படகுக்கு. ஓரமெங்கும் பிரஸ் பட்டன் வைத்த கவருக்கு. கயிறு இழுத்துக் கட்டும் கவர் என்றால் இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் துணி எது என்று பாருங்கள். சன்பிரெல்லா மாதிரி அக்ரிலிக் துணியென்றால் லேசாக ஈரமாக்குங்கள். ஈரத்தில் அது இழுவைக்கு இடம் கொடுக்கும். சொட்டச் சொட்ட வேண்டாம், பூவாளியில் தெளித்த அளவு போதும். வினைல் பூசிய துணிக்கு ஈரத்தால் பயனில்லை, வெயில்தான் வேண்டும். காலைக் குளிரில் அது அட்டை மாதிரி விறைத்து நிற்கும். அரை மணி நேரம் வெயிலில் விரித்துப்போட்டு, பிறகு தொடுங்கள். அக்ரிலிக்கை டிரையரில் போட்டுச் சூடாக்குவது மட்டும் கூடவே கூடாது, சுருங்கினால் சுருங்கியதுதான்.

அடுத்து படகுக்குள் ஒரு பார்வை. கவரைத் தாங்கும் கம்பு நிமிர்ந்து நிற்கிறதா? பிமினி எனும் மடக்கு வெயில்கூரையின் சட்டம் சரியாக மடியவில்லையா? இருக்கையின் சாய்வு தூக்கியபடி இருக்கிறதா? ஒவ்வொன்றும் துணியை மேலே தூக்கி, ஓரத்தில் வரவேண்டிய அங்குலங்களைத் தின்றுவிடும். கம்பைப் படுக்கவைத்து மற்றவற்றைத் தாழ்த்துங்கள். பக்கத்தில் தொங்கும் ஃபெண்டர்களின் (படகு துறையில் உரசாமல் காக்கும் மெத்தைகள்) கயிறுகளையும் பட்டன் இல்லாத இடத்துக்கு நகர்த்துங்கள்.

இனி வரிசை. இங்கேதான் நிதானம் வேண்டும். எல்லோரும் செய்வது இதுதான்: அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் தொடங்கி, ஒரு பக்கமாகவே ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டு பின்னால் போவது. ஒவ்வொரு பட்டனிலும் துணி கால் அங்குலம் விலகினாலும் அத்தனையும் சேர்ந்து கடைசி மூலையில் வந்து நிற்கும். அங்கே எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. முன்னால் போட்ட பட்டன்கள் துணியை நகர விடாது.

எனவே அணியத்தில் நடுப் பட்டனையும் அதன் இரு பக்கத்திலும் ஒவ்வொன்றையும் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் மொத்த இழுவையும் அதிலேயே விழுந்து துணியைக் கிழிக்கும். பிறகு பக்கங்களைத் தொடாமல் நேராகப் பின்னால் போய் இரண்டு பின்மூலைகளையும் போடுங்கள். பக்கங்கள் தளர்வாக இருப்பதால் துணி தாராளமாக வரும். கவரின் நடுத் தையல் படகின் நடுக்கோட்டில் ஓடுகிறதா என்று இப்போதே பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கழற்றித் திரும்பப் போடுவதுதான் வழி.

அதன்பின் பக்கங்கள். படகு டிரெய்லரில் இருந்தால் இடம், வலம் மாறி மாறி, நடுவில் ஒன்று, மிச்ச இடைவெளியின் நடுவில் ஒன்று என்று பாதி பாதியாகப் பிரித்துப் போடுங்கள். தண்ணீரில் இருந்தால், உயிர்காப்புச் சட்டையோடு படகுக்குள் முட்டி போட்டு, ஏரிப் பக்கத்தை முதலில் முடியுங்கள். பிறகு வெளியேறித் துறைப் பக்கத்துக்கு வாருங்கள். கடைசி இழுவை, கால் ஊன்றி நிற்கும் இடத்தில் இருக்கவேண்டும்.

இறுகிய பட்டனைப் போடும் விதமும் முக்கியம். துணியின் ஓரத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். ஒரு உள்ளங்கையால் பட்டனுக்கு ஓர் அடி மேலே துணியைக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். மறு கையால் பட்டனின் கீழ் விளிம்பைப் படகிலுள்ள குமிழின் அடியில் கொக்கி மாதிரி மாட்டி, பிறகு மேல் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நடுவில் நேராகக் குத்துவதைவிட இதற்குப் பாதி பலம் போதும். குமிழ்களில் வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்த்துவையுங்கள். வாசலின் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கழற்றுவதற்கு, பட்டனுக்கு அடியில் நுழைக்கும் கவை போன்ற கருவி ஒன்றை வாங்கிவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஜெல்கோட்டில் (படகின் பளபளப்பான மேல்பூச்சு) கீறல் நிச்சயம்.

இத்தனைக்கும் பிறகு ஓர் அங்குலம் எட்டவில்லையா? ஒரு முனையில் பட்டனும் மறுமுனையில் குமிழும் உள்ள சிறு நீட்டிப்பு வார் கிடைக்கும். இரண்டு பக்கமும் சமமாகப் போடுங்கள். சில வாரத்தில் துணி இளகி, பல வார்களைக் கழற்றிவிடலாம். குமிழை இடம் மாற்றப் படகில் புதிதாகத் துளை போடுவது கடைசி வழி. போட்டே ஆகவேண்டுமென்றால் 8 எண் திருகாணிக்கு 8இல் 1 பங்கு அங்குலத் துளை, ஜெல்கோட் வாயைச் சரிவாகக் குடைந்து. இல்லாவிட்டால் திருகாணி இறுகும்போது ஜெல்கோட் நட்சத்திரம் போல வெடிக்கும். மரைன் சீலன்ட் வைத்து இறுக்குங்கள். பழைய துளையை எபாக்ஸியால் அடையுங்கள்.

கம்பை நிமிர்த்துவது எல்லாப் பட்டனும் போட்ட பிறகுதான். அதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழியில் 5 சென்டிமீட்டர் மழைநீர் தேங்கினாலே 50 கிலோ. துணி தொய்யும், தையல் விடும்.

பின்சேர்க்கை: ஈரமாக்கி மாட்டிய கவரை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போனால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். காற்றுத் துவாரங்களைத் திறந்துவையுங்கள். அடுத்த வெயில் நாளில் ஒரு பக்கத்தைத் திறந்து உலர்த்துங்கள். கவரைத் துவைத்தபின் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் ஊறினால், நன்கு காய்ந்ததும் 303 ஃபேப்ரிக் கார்ட் என்ற நீர்விலக்கித் தெளிப்பானைத் தெளியுங்கள்.

இன்னொன்று: பட்டன் கவர் படகு நிற்கும்போது போடுவதற்கு. அதோடு டிரெய்லரை நெடுஞ்சாலையில் இழுத்தால் காற்று உள்ளே புகுந்து பட்டன்களை வரிசையாகப் பிய்த்துவிடும்.