எந்த லினக்ஸ் என்று பார்த்துவிட்டுக் கட்டளையை ஒட்டுங்கள்

இணையத்தில் கண்ட லினக்ஸ் கட்டளையை ஒட்டியதும் ‘அப்படி ஒரு மென்பொருள் தொகுப்பே இல்லை’ என்று பதில் வந்தால் கணினியைத் திட்ட வேண்டாம். அந்தக் கட்டளை வேறொரு விநியோகத்துக்கு, அதாவது வேறொரு லினக்ஸ் வகைக்கு, எழுதப்பட்டதாக இருக்கலாம்.

இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி சர்வரையே எடுத்துக்கொள்ளுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தத் தொகுப்பின் பெயர் அப்பாச்சி2, ஃபெடோராவில் எச்டிடிபிடி. அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடமும் அதற்கேற்ப மாறும். உபுண்டுவில் நிறுவிய கையோடு ஓடத் தொடங்கிவிடும்; ஃபெடோராவில் நீங்கள்தான் தொடங்கிவைக்க வேண்டும், ஃபயர்வாலிலும் வழி திறந்துவிட வேண்டும். நிர்வாக உரிமை தரும் பயனர் குழுவின் பெயர்கூட உபுண்டுவில் சூடோ, ஃபெடோராவில் வீல். அவரவர் பிடிவாதம், வேறென்ன!

எனவே முதலில் இடிசி கோப்புறையில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைத் திறந்து, ‘ஐடி லைக்’ (ID_LIKE) என்ற வரியைப் பாருங்கள். தாய் விநியோகம் எது என்று அது சொல்லிவிடும். லினக்ஸ் மின்ட்டில் உபுண்டு என்றிருக்கும். உபுண்டுவுக்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் பொருந்தும். ராக்கி லினக்ஸில் ஃபெடோராவின் பெயர் இருக்கும். அங்கே தொகுப்புகளை நிறுவ உபுண்டுவின் ஆப்ட் கட்டளை வேலைக்காகாது, ஃபெடோராவின் டிஎன்எஃப்தான். டெபியனிலும் ஃபெடோராவிலும் அந்த வரியைத் தேடாதீர்கள், இருக்காது, அவையே மூலம்.