நம் ஊர்த் தமிழுக்காக எம்.பி. கேட்கவேண்டிய கேள்வியை எழுதுவது எப்படி?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், அதாவது கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம், தமிழர்கள் நாலு பேர் சேர்ந்தால் இரண்டு குறை பேச்சில் வந்துவிடும். வானொலியில் நம் ஊர்ச் சங்கதி தமிழில் வருவதில்லை என்பது ஒன்று. நம் கலைக்காரர்களுக்கு அரசுப் பணம் வந்து சேர்வதில்லை என்பது இன்னொன்று. இதற்கு நாம் வழக்கமாகச் செய்வது மனு எழுதிக் கொடுப்பது. மனுவுக்கு ரசீது கிடைக்கும். ஆனால் அவையில் அனுமதித்த கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும், அந்தப் பதில் பதிவேட்டில் ஏறிவிடும். ஆகவே கேள்வியை நாமே எழுதி உறுப்பினர் கையில் கொடுக்கப் பழகவேண்டும். சட்டப் படிப்பு எதுவும் தேவையில்லை. இதுவரை எழுதிப் பழகாதவர்களுக்காகவே இந்த விளக்கம்.

படி 1: யாரிடம் போகவேண்டும் என்று பாருங்கள்

ஆகாசவாணி, தூர்தர்ஷன், மத்தியக் கலாசாரத் துறை, தஞ்சாவூரில் இருக்கும் தென்மண்டலப் பண்பாட்டு மையம் எல்லாம் மத்திய அரசைச் சேர்ந்தவை. இவற்றுக்கு எம்.பி. வேண்டும். திருச்சூரில் உள்ள கேரள சங்கீத நாடக அகாதமி, கண்ணூர் சிறக்கல்லில் உள்ள கேரள நாட்டுப்புறவியல் அகாதமி ஆகியவை மாநிலத்துடையவை. இவற்றுக்கு எம்.எல்.ஏ. மாநில விஷயத்தை மக்களவைக்கு அனுப்பினால் வாசலிலேயே தள்ளிவிடுவார்கள்.

நம் பக்கத்தில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சித்தூர் சட்டமன்றத் தொகுதி பாலக்காடு மக்களவைத் தொகுதியில் இல்லை, ஆலத்தூரில் இருக்கிறது. தேவிகுளம், பீர்மேடு என்றால் இடுக்கி. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: மத்திய அரசு விஷயத்தை எந்த எம்.பி.யும் கேட்கலாம். ஆலத்தூர் உறுப்பினருக்கு நேரமில்லை என்றால் கேரளத்தின் 9 மாநிலங்களவை உறுப்பினர்களில் ஒருவரை அணுகலாம், கோவைப் பக்கத்து உறுப்பினரையும் அணுகலாம்.

படி 2: பழைய பதில்களைப் படியுங்கள்

நாடாளுமன்ற இணையதளத்தில் அமைச்சகம்வாரியாக, தேதிவாரியாகக் கேள்வி பதில்கள் இருக்கின்றன. ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வியைத் திரும்பக் கேட்க விதி அனுமதிக்காது. அதோடு, பதில்கள் எந்த நடையில் வரும் என்பதும் பிடிபடும். வானொலி பற்றி எது கேட்டாலும் பெரும்பாலும் ‘பிரசார் பாரதி தெரிவித்துள்ளபடி’ என்றுதான் தொடங்குவார்கள். ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பு என்பதால் அமைச்சர் அப்படி ஒரு தூரம் வைத்துக்கொள்கிறார். அந்தத் தூரத்தைத் தாண்டும்படி எழுதுவதுதான் அடுத்த படி.

படி 3: கேள்வியை எழுதுங்கள்

இந்த வேலையில் முக்கால் பங்கு இங்கேதான். முதலில், இப்படி எழுதக்கூடாது:

“கேரளத்தில் வாழும் தமிழர்களின் மொழியையும் கலையையும் அரசு ஏன் புறக்கணிக்கிறது? உடனடியாக நடவடிக்கை எடுக்குமா?”

ஆதங்கம் நியாயமானது. ஆனால் கேள்வியில் வாதம், குற்றச்சாட்டு, கிண்டல், அடைமொழி, கருத்துக் கேட்பது எதுவும் இருக்கக்கூடாது என்பது மக்களவை விதி. ‘புறக்கணிக்கிறது’ என்ற சொல் குற்றச்சாட்டு. அப்படியே அனுமதித்தாலும் “அரசு எல்லா மொழிகளையும் சமமாகப் பேணுகிறது” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பதிலில் எண்ணும் இருக்காது, தேதியும் இருக்காது. அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்பது?

அதே ஆதங்கத்தை இப்படி எழுதலாம்:

“தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் தெரிவிக்க வேண்டியது:
(அ) கேரளத்திலுள்ள ஆகாசவாணி நிலையங்களில் கடந்த மூன்று ஆண்டுகளில் தமிழில் ஒலிபரப்பான நேரம் நிலையவாரியாக, ஆண்டுவாரியாக எவ்வளவு;
(ஆ) அதில் அந்தந்த நிலையத்திலேயே தயாரித்தது எவ்வளவு, வேறு நிலையங்களிலிருந்து வாங்கி அஞ்சல் செய்தது எவ்வளவு;
(இ) இந்நிலையங்களில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கென அனுமதித்த பணியிடங்கள், நிரப்பியவை, காலியாக உள்ளவை எத்தனை;
(ஈ) பிரசார் பாரதி சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறும் மொழிப் பன்மைக் கடமையை இந்நிலையங்களில் நிறைவேற்ற ஒதுக்கிய தொகையும் செலவிட்ட தொகையும் எவ்வளவு, மற்றும்
(உ) காலியிடங்களை நிரப்ப நிர்ணயித்த காலக்கெடு என்ன?”

இதில் (ஆ) ஏன் தனியாக நிற்கிறது? மொத்த நேரத்தை மட்டும் கேட்டால் அஞ்சல் நிகழ்ச்சிகளையும் கூட்டி ஒரு பெரிய எண்ணைத் தந்துவிடலாம். கோவை வானொலி நல்ல தமிழ் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கேரள அரசு நிறுவனமான சப்ளைகோவின் நெல் கொள்முதல் எப்போது தொடங்கும், கேரள அரசின் நலநிதிக்கு எந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைக் கோவை நிலையம் சொல்லாது, அது சொல்லவேண்டிய வேலையும் இல்லை. வடகரப்பதியில் நெல் போட்டிருக்கும் தமிழ் விவசாயிக்கு வேண்டியது கேரளச் செய்தி, தமிழில். மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கும் அப்படித்தான். தோட்டங்களுக்கு நடுவே தேவிகுளத்தில் ஒரு ஆகாசவாணி நிலையமே இருக்கிறது. அங்கே தமிழுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை ஆட்கள் என்பதை (அ)வும் (இ)யும் வெளியே கொண்டுவரும்.

(ஈ)யில் சட்டத்தின் பெயர் வருவதும் காரணத்தோடுதான். 1990ஆம் ஆண்டுப் பிரசார் பாரதி சட்டம், நாட்டின் பல்வேறு பகுதிகளின் பண்பாடுகளுக்கும் மொழிகளுக்கும் போதிய இடம் தரவேண்டும் என்பதை அந்த அமைப்பின் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதிவைத்திருக்கிறது. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டால் நாம் கேட்பது சலுகை அல்ல என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் புரியும். 2023 ஜனவரியில் ஒலிபரப்புக் கட்டமைப்புக்காக 2,539.61 கோடி ரூபாயில் ‘பிண்ட்’ என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதில் கேரள நிலையங்களுக்கு வந்தது எவ்வளவு என்பதை இன்னொரு கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி 150 சொற்களைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி ஒரு அமைச்சகத்துக்குத்தான். கலையையும் வானொலியையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள், இரண்டும் வேறு அமைச்சர்கள்.

கலைக்கான கேள்வி எப்படி இருக்கவேண்டும்? தோல்பாவைக்கூத்தை எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் 21 தேங்காய் மூடிகளில் விளக்கேற்றி, திரைக்குப் பின்னால் நின்று கம்பராமாயணப் பாட்டைச் சொல்கிறார்கள். கேரளக் கோயிலில் இரவு முழுக்கக் கம்பன் ஒலிக்கும் கலை இது. “இந்தக் கலையைக் காப்பாற்ற என்ன செய்தீர்கள்” என்று கேட்டால் ஒரு விழாவின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். மாறாக, தென்மண்டலப் பண்பாட்டு மையம் கடந்த மூன்று ஆண்டுகளில் பாலக்காடு மாவட்டத்திலிருந்து எத்தனை தோல்பாவைக்கூத்து, பொறாட்டு நாடகக் குழுக்களை அழைத்தது, ஒவ்வொரு குழுவுக்கும் எவ்வளவு கொடுத்தது, நிகழ்ச்சி நடந்த நாளுக்கும் பணம் பட்டுவாடா ஆன நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்ன இடைவெளிக் கேள்வியை விடவே விடாதீர்கள். ஒதுக்கீடு தாளில் இருக்கும். பாவை பிடிக்கிறவர் வண்டி வாடகையைக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது அந்த நாள் கணக்கில் மட்டும்தான் தெரியும்.

மாநிலத்துக்கு ஒரு கேள்வி

கேரளத் தமிழர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சட்டம் 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வரவேண்டும் என்கிறது அது. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இதே விதிதான். ஆகவே எம்.எல்.ஏ.விடம் கொடுக்கவேண்டிய கேள்வி எளியது: கடந்த மூன்று ஆண்டுகளில் தமிழில் வந்த கடிதங்கள் துறைவாரியாக எத்தனை, அவற்றில் தமிழில் பதில் போனவை எத்தனை, மொழிபெயர்ப்பாளர் பணியிடங்கள் எத்தனை காலி? இந்த மூன்று எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் போதும், வேறு வாதமே வேண்டாம்.

படி 4: நேரம் பார்த்துக் கொடுங்கள்

மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று ஒதுக்கியிருப்பார்கள். கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே உறுப்பினரின் உதவியாளர் கையில் தாள் இருக்கவேண்டும். ஒரு உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விதான் கொடுக்க முடியும், நாட்டு நடப்பு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அதனால் பத்துக் கேள்வியைக் கட்டாகக் கொடுக்காமல், நன்றாகச் செதுக்கிய ஒன்றிரண்டைக் கொடுங்கள். தமிழில் எழுதியதோடு ஆங்கில வடிவத்தையும் சேர்த்து வையுங்கள். ஊர்ப் பள்ளி ஆசிரியர் யாரையாவது கேட்டால் செய்து கொடுப்பார்.

நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்வார், உறுப்பினர் இரண்டு துணைக்கேள்வி கேட்கலாம். ஆனால் நாளுக்கு 20தான், குலுக்கலில் விழவேண்டும். நட்சத்திரமில்லாதவை 230, எழுத்தில் பதில் வரும். நம்முடையது புள்ளிவிவரக் கேள்வி, எழுத்துப் பதிலே போதும்.

காசு பேசாதீர்கள், யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய குற்றத்துக்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள்.

படி 5: குழுவையும் விடாதீர்கள்

அவையில் நேரம் குறைவு. துறைகளை நிதானமாகக் கேள்வி கேட்கும் இடம், எம்.பி.க்களே உட்காரும் நிலைக்குழு. மொத்தம் 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர். வானொலிக்குத் தகவல் தொடர்பு மற்றும் தகவல் தொழில்நுட்பக் குழு, கலைக்குப் போக்குவரத்து, சுற்றுலா மற்றும் கலாசாரக் குழு. பட்ஜெட் வந்தபின் மானியக் கோரிக்கைகளை, அதாவது துறை செலவுக்குக் கேட்கும் தொகைகளை, ஆராயத் துறைச் செயலரையே கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். மூடிய அறை, தொலைக்காட்சி கிடையாது. அதனால் உறுப்பினர்கள் கட்சி மறந்து கேட்பதும் உண்டு, அதிகாரி “தகவல் இல்லை” என்றால் எழுத்தில் அனுப்பச் சொல்வார்கள். பட்டியலைப் பார்த்து, கேரளத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, ஜனவரியிலேயே ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். முந்தைய கேள்விக்கு வந்த பதிலை அதோடு இணைத்தால் குறிப்புக்கு எடை கூடும்.

படி 6: பதில் வந்த பிறகு

பதிலை அடிக்கோடிட்டுப் படியுங்கள். “பரிசீலனையில் உள்ளது”, “தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்” என்று இருந்தால் சோர்ந்துபோக வேண்டாம். இவை அவைக்குக் கொடுத்த உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க உறுதிமொழிக் குழு என்றே தனியாக ஒன்று இருக்கிறது. தேதியைக் குறித்துவைத்து, மூன்று மாதம் முடிந்ததும் உறுப்பினருக்கு நினைவூட்டுங்கள்.

நிலைக்குழு அறிக்கை என்றால், அதன் பரிந்துரைகளுக்கு அரசு என்ன செய்தது என்று பார்க்க அடுத்து வரும் நடவடிக்கை அறிக்கையில் நான்காம் அத்தியாயத்தைத் திறங்கள். அரசு சொன்ன பதிலைக் குழு ஏற்காத பரிந்துரைகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். நம் விஷயம் அதில் வந்திருந்தால், அந்தப் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வியை எழுதத் தொடங்கலாம். பதிலின் தமிழாக்கத்தை ஊர் வாசகசாலைப் பலகையிலும் ஒட்டுங்கள். கூத்துக் குழுக்காரர்கள் தங்களுக்கு வந்த தொகையைப் பதிலில் உள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் உங்களிடம் சொல்வார்கள்.