அடுக்குமாடிப் புளோக்கில் அவசரகாலக் குழு அமைக்கும் முறை

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை, உள்துறை அமைச்சின்கீழ், ஆணையர் ஒருவரின் தலைமையில், வட்டாரப் பிரிவுகளாகவும் அவற்றின்கீழ்த் தீயணைப்பு நிலையங்களாகவும் இயங்குகிறது. பொறுப்பு படிப்படியாக இறங்கும் அந்த ஒழுங்கையே உங்கள் புளோக்கிலும் பின்பற்றுங்கள். முதலில் ஒரு தலைவரையும், அவர் இல்லாத வேளையில் முடிவெடுக்கத் துணைத்தலைவரையும் தேர்ந்தெடுங்கள். பலரும் விட்டுவிடும் இந்த இரண்டாவது நியமனத்தையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அவசர எண்ணான 995ஐ அழைப்பவர், ஏஇடி எனப்படும் இதயத்துடிப்பு மீட்புக் கருவியை எடுத்துவருபவர், தனியே வசிக்கும் மூத்தோரைக் கவனிப்பவர் எனப் பணிகளைப் பெயர் குறித்துப் பிரித்து, தமிழ் மட்டுமே பேசும் தாத்தா பாட்டிகளுக்குத் தமிழறிந்த ஒருவரை ஒதுக்குங்கள். தீயணைப்பாளர்கள் வந்ததும் தலைமை அவர்களுடையது; எந்த மாடியில் யார் சிக்கியிருக்கிறார் என்பதைத் தெரிவித்துவிட்டு, உங்கள் தலைவர் அவர்களின் கட்டளைப்படி நடக்க வேண்டும்.