கையைப் பிடித்துப் பேசியதில் வந்த தூக்கம்

ராத்திரி படுத்தால் தூக்கம் வராது, தோள்பட்டை இறுகிக் கிடக்கும். பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை. மன அழுத்தம்தான், வீட்டில் மனசு விட்டுப் பேசுங்கள் என்றார் மருத்துவர். எனக்கும் மனைவிக்கும் சண்டை கிடையாது. ஆனால் பேச்செல்லாம் பில், பிள்ளைகள் படிப்பு என்றே போய்க்கொண்டிருந்தது.

படுக்கும் முன் போனை வேறு அறையில் வைத்துவிட்டு, கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேச ஆரம்பித்தோம். அன்று மற்றவர் செய்ததில் மனசுக்குப் பிடித்ததைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "நீ நல்லவள்" என்று பொதுவாகச் சொன்னால் ஒட்டாது. "அம்மாவுக்கு ஞாபகமா மாத்திரை கொடுத்தியே, எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா" என்றதும் அவள் முகமே மலர்ந்துவிட்டது. முதலில் கூச்சம்தான், போகப் போகப் பழகிவிட்டது.

இது வெறும் ஆறுதல் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மின் அதிர்ச்சி வரலாம் என்ற எச்சரிக்கையோடு 16 மணமான பெண்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்துக்கு மூளை காட்டும் எதிர்வினை குறைந்தது. மணவாழ்க்கை நன்றாக இருந்தவர்களிடம் இன்னும் குறைந்தது.

எனக்குத் தோள் இறுக்கம்தான் முதலில் விட்டது, தூக்கம் மெதுவாகத்தான் வந்தது. தொடுவது பிடிக்காத நாளில் வற்புறுத்த வேண்டாம், சரி, அன்று பேச்சே போதும்.