செல்லுக்குள் பதுங்கும் கிருமி: மருந்துச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைராசினமைடு என்ற மருந்தை அமிலமோ காரமோ அல்லாத நடுநிலையான வளர்ப்பு ஊடகத்தில் மட்டும் சோதித்திருந்தால், அது பயனற்றது என்று அன்றே ஒதுக்கியிருப்பார்கள். அமிலச் சூழலில்தான் அது காசநோய்க் கிருமியைத் தாக்கும் என்பதால், 1950-களின் தொடக்கத்தில் எலிகளில் நேரடியாகச் சோதித்தபோதே அதன் ஆற்றல் வெளிப்பட்டது. ஆகவே சோதனைக்குழாயில் கிடைக்கும் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை (கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்தளவை) வைத்து, செல்லுக்குள் இருக்கும் கிருமிக்குத் தீர்ப்பு எழுதுவதே முதல் தவறு.

மருந்து செல்லுக்குள் ஏராளமாகச் சேர்கிறது என்பதும் போதிய சான்றாகாது. அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி செல்லின் லைசோசோம்களில் (செரிமானம் நடக்கும் அமிலப் பைகளில்) பெருமளவு தேங்குகிறது, ஆனால் அங்குள்ள அமிலத்தன்மையே அதன் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா செல்லின் உட்திரவமான சைட்டோபிளாசத்திலும், சால்மோனெல்லா என்ற பாக்டீரியா செல்லுக்குள் சவ்வால் சூழப்பட்ட நுண்பையிலும் வாழ்வதால், மருந்தும் கிருமியும் ஒரே அறையில் சந்திக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

செல்களில் கிருமியைத் தொற்றவைத்துச் செய்யும் சோதனையில், செல்லுக்கு வெளியில் மிஞ்சிய பாக்டீரியாவைக் கொல்ல ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்ப்பது வழக்கம். அது செல்லுக்குள் எளிதில் புகாது என்பது சரிதான். ஆனால் உயர் செறிவில் நெடுநேரம் விட்டால் மெல்ல உள்ளே சேர்ந்துவிடும், அதன் பலனைப் புதிய மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். புதிய மருந்து சேர்க்காத ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அளவு ஜென்டாமைசின் தராவிட்டால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. கிருமி குடியிருக்கும் மேக்ரோபேஜை (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்லை) மருந்தே கொன்றாலும், கழுவி நீக்காத மருந்து கிருமிகளை வளர்த்து எண்ணும் அகார் தட்டுக்குச் சென்று வளர்ச்சியைத் தடுத்தாலும், கிருமி எண்ணிக்கை இதேபோல் பொய்யாகக் குறையும்.

பென்சிலினுக்குத் தப்பிய சிறு எண்ணிக்கையிலான ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகளை 1944-இல் ஜோசப் பிக்கர் விவரித்தார். அவற்றை மீண்டும் வளர்த்தால் மருந்துக்குப் பழையபடியே மடியும். எனவே இப்படித் தப்பிப்பதை மருந்து எதிர்ப்புத்திறன் என்று குறிப்பது தவறு. உயிருடன் எஞ்சும் கிருமிகளின் எண்ணிக்கை முதலில் வேகமாகச் சரிந்து பிறகு தட்டையாகும் என்பதால், ஒரே ஒரு நேரப்புள்ளியில் எடுத்த அளவு அந்தத் தட்டையான பகுதியை மறைத்துவிடும்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, சிகிச்சை முடிந்த அன்றே கணக்கை மூடுவதுதான். 1950-களில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காசநோய் மருந்துகளான ஐசோனியாசிடும் பைராசினமைடும் கொடுத்த எலிகளின் உறுப்புகளில் வளர்க்கத்தக்க கிருமி எதுவும் கிடைக்கவில்லை. மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் காத்திருந்தபோது, அவற்றில் ஒரு பகுதியில் நோய்க்கிருமி மீண்டும் தலைகாட்டியது. மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அடங்கிய 4 மாத காசநோய்ச் சிகிச்சை குறித்து 2014-இல் வெளியான மனிதச் சோதனையிலும், சளி முன்னதாகவே கிருமியற்றதாக மாறிய போதிலும், நோய் திரும்பியவர்கள் வழக்கமான 6 மாத சிகிச்சையில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தனர்.