தரங்கம்பாடி ஆலயச் சுவரில் சுண்ணாம்புக் காரை போடுவது எப்படி

தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயம் 1718-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரை இருக்கிறது. மறு ஆண்டு மறைந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவை உள்ளேயே அடக்கம் செய்தார்கள். செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டடம். கூப்பிடு தூரத்தில் கடல். 2004 சுனாமியில் ஊருக்குள் உப்புநீர் புகுந்தது. இந்தக் கரையில் இப்படிப்பட்ட கட்டடங்களைக் கெடுப்பதில் கடலுக்குச் சளைத்ததல்ல சிமெண்ட்.

தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் உயரம் ஏறும். பூச்சின் பின்னால் உப்பு படிகமாகி, செங்கல் முகத்தைப் பொடியாக்கும். சுண்ணாம்புக் காரையும் உப்பில் உதிரத்தான் செய்யும். ஆனால் காரையைத் திரும்பப் பூசலாம், முந்நூறு வருடச் செங்கலை எங்கே போய் வாங்குவது?

முதலில் சுவர் முழுவதையும் படம் எடுங்கள். கல்வெட்டு, நினைவுப் பலகைகளைத் துணி கட்டி மூடுங்கள். விரல் முட்டியால் தட்டி, பொள்ளலாகக் கேட்கும் இடத்தைச் சாக்குக்கட்டியால் வளைத்துக் குறியுங்கள். இறுகப் பிடித்திருக்கும் பழைய சுண்ணாம்பைத் தொட வேண்டாம். சிமெண்டை உளியும் சுத்தியும் கொண்டு, ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை எடுங்கள். மின் உடைப்பான் வேண்டவே வேண்டாம். அதன் அதிர்வில் பக்கத்துக் காரையும் கழன்றுவிடும். செங்கல் இடுக்குகளில் உளுத்த காரையை முக்கால் அங்குலம் சுரண்டி, தூசியைத் தட்டிவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே விடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தள்ளி அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது திரும்ப உள்ளே இறங்கும். உப்பு மிகுந்த இடத்தில் காய்ச்சி வடித்த நீரில் ஊறிய வெள்ளைக் காகிதக் கூழை அரை அங்குலத்துக்கு அப்பி, காய்ந்ததும் உரித்தெடுங்கள். இரண்டு மூன்று முறையாவது தேவைப்படும்.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்ற வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண் போய்விடும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சல்லடையில் வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் வையுங்கள், மூன்று மாதம் இருந்தால் வெண்ணெய் போல வரும். நீறாத துணுக்கு ஒன்று உள்ளே தங்கினாலும் பூசிய பிறகு ஊதி, காரையைக் கொப்புளமாகத் தள்ளும்.

கலவை: சுண்ணாம்பு 1, கழுவிய ஆற்று மணல் 3. மணலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம், அதைச் சுண்ணாம்பு நிரப்புகிறது. கடல் மணல் உப்பைக் கூடவே கொண்டுவரும், அது ஆகாது. ஈரம் ஓயாத அடிச்சுவருக்கு மணலை 2 ஆக்கி, செங்கல் பொடி 1 சேருங்கள். கலவையில் விடும் கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரின் அளவில் கொத்தனாருக்குக் கொத்தனார் பேச்சு வேறுபடும். வெல்லம் கூடினால் காரை இறுகத் தாமதமாகும். ஆகவே சதுர அடி அளவில் மூன்று மாதிரி போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வேலைக்குத் தை, மாசி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கரைத்துவிடும், அக்கினி நட்சத்திரத்தில் வெயில் உறிஞ்சிவிடும். முந்தின மாலையே சுவரை நனைத்து, மேற்பரப்பில் தண்ணீர் மினுங்காத பதத்தில் பூசுங்கள். ஒரு பூச்சு 10 மி.மீ. தாண்டக் கூடாது. கீறிவிட்டு, ஒரு வாரமாவது கழித்து அடுத்தது. சுருங்கி வெடிப்பு விட்டால் இறுகும் முன்பே மரக்கட்டையால் அடித்து மூடுங்கள். ஈரச் சாக்கு தொங்கவிட்டு, தினம் இருமுறை தண்ணீர் தெளியுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டுதான் கல்லாகும், அதுவும் மாதத்துக்குச் சுமார் ஒரு மி.மீ. ஆழம்தான். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

மேலே எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் சிமெண்ட் பூசிய கதைதான். பால் பதத்தில் கரைத்த வெள்ளைச் சுண்ணாம்பை நான்கைந்து முறை மெல்லிசாக அடியுங்கள். இரண்டு வருடத்துக்கொருமுறை மழைக்கு முன் புதுப்பியுங்கள். அப்போதே மழைநீர்க் குழாயைத் துப்புரவாக்கி, கூரையோரத்து அரசங்கன்றையும் கவனியுங்கள். பிடுங்கினால் செங்கல் வேரோடு வரும். தண்டை அறுத்து, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் பட்ட பிறகு இடுக்கைக் காரையால் அடையுங்கள்.