மையில் செடி வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு, சுசீந்திரம் பக்கம் ஒரு தாமரைக்குளக் கரை. புதிதாக வரைய வந்த பையன் நனைத்த தாளில் பேனா மையைச் சொட்டுவிட்டான். கறுப்பு பரவி, ஓரத்தில் நீலமும் லேசான செம்மையுமாகப் பிரிந்தது. "பாத்தியளா அண்ணே, இலை தானா வருது!" என்று துள்ளினான். நானும் ஒருகாலத்தில் இப்படித்தான் துள்ளினேன். மை சிந்துவது, கை பட்டு இழுபடுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே சொல்பவை அப்படித் தானாகச் சரியாகாது.

எந்த மை என்று பாராமல் இறங்குவது

பேனா மை பெரும்பாலும் நீரில் கரையும் சாயங்களின் கலவை. ஒவ்வொரு சாயமும் ஈரத்தாளில் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். அந்த ஓரத்து நீலம் அப்படி வந்ததுதான். அழகுதான், ஆனால் வெயில் தாங்காது.

என் முதல் பெரிய தாமரைப் படத்தில் இலை, தண்ணீர் எல்லாம் அந்த மைதான். நரம்புகளை மட்டும் இந்தியன் இங்கில் இழுத்திருந்தேன். வாங்கியவர் கிழக்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். இரண்டே வருடத்தில் இலையைக் காணோம். இந்தியன் இங்கில் இருப்பது கரி, அதை வெயில் ஒன்றும் செய்யாது. ஆகவே நரம்புகள் மட்டும் குடைக்கம்பி மாதிரி நின்றன. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதுகூடப் பரவாயில்லை. "இப்பவும் நல்லாத்தான் இருக்கு, வத்துன குளம் மாதிரி" என்றார் பாருங்கள், அது இன்னும் உறுத்துகிறது. நான் வரைந்தது நிறைகுளம்! என்னைக் கேட்காமலே மை அதை வற்ற வைத்துவிட்டது.

வாடும் பூவை வெளிறும் மையில் வரையலாம், தெரிந்து வரைந்தால். கடுக்காய் மை இதற்கு நேர்மாறு. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, இடித்துக் காய்ச்சி, அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்ப்பது. தாளில் வைக்கும்போது வெளிறித் தெரியும், காற்றுப்பட்டுக் கறுக்கும். முற்றிய நெற்றுக்கும் மரப்பட்டைக்கும் எனக்கு அதுதான். அன்னபேதி கூடிப்போனால் நாளடைவில் தாளையே அரிக்கும்.

எந்த மையானாலும் துண்டுத்தாளில் தீற்றி, பாதியை அட்டையால் மூடி, மூன்று மாதம் வெயில்படும் ஜன்னலில் ஒட்டி வையுங்கள். அப்புறம் விலை பேசலாம்.

எல்லாச் செடிக்கும் ஒரே கோடு

ஆரல்வாய்மொழிக் காற்று வாழையிலையைப் பக்க நரம்பு வழியாகக் கீறிவிடும். அதை ஒரே கனத்தில் ஓடும் டெக்னிக்கல் பேனாவில் வரைந்தால் கத்தரிக்கோலில் வெட்டியது போல இருக்கும். தூரிகை மையைத் துணியில் ஒற்றிவிட்டு, சொரசொரப்பான தாளில் வேகமாக இழுங்கள். கோடு அங்கங்கே விட்டுப்போகும். காற்று அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பென்சிலில் முழுசாக முடித்துவிட்டு மை போடுவது

தோவாளையில் வாங்கிய பிச்சிமொட்டு உங்கள் ரப்பருக்காகக் காத்திருக்காது. இருட்டியதும் விரிந்துவிடும்.

இந்தியன் இங்கைப் பேனாவில் ஊற்றுவது

ஊற்றாதீர்கள். அதிலுள்ள அரக்கு இறுகினால் பேனா போச்சு.

தாளை வெளியே போட்டு வைப்பது

குமரி மாவட்டத்தில் நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் ஏறி, மை ஊறாமல் காக்கும் மேல்பசை கெட்ட தாளில் மை புள்ளி புள்ளியாக ஊறும். என் தாள்கள் டிரங்குப்பெட்டியில், அம்மாவின் பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.